தனபால் அண்ணன் கடையில ஆம்ப்ளிஃபயர் வாங்கினது

தனபால் அண்ணன் இறந்துட்டாராம். போன வாரமே. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்...

வில்லியனூர்ல பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கி, சரி பண்ணி விக்கிறவர். சுத்துப்பட்டுல கோயில் திருவிழா, சர்ச் திருவிழான்னா மைக் செட்டும் அவரோடதுதான்.

நெஞ்சு வலியாம். அதுக்கு மேல கேக்கல.

பாப்பா பிறந்ததுலேர்ந்து நான் ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல. ஹெட்ஃபோன் போட்டா அவ அழறது கேக்காதோன்னு பயம். ஒரு காதுல மட்டும் மாட்டினாலும், இன்னொரு காது தொட்டில்லயே இருக்கும். காலேஜ் போன காலத்துல பஸ்ல பாட்டு இல்லாம ஒரு நாள் போனதில்ல நான்...

ரூம்ல மெதுவா, ஆனா தெளிவா பாடற மாதிரி ஒரு ஸ்டீரியோ வேணும்னு இருந்தது. கையில இருந்தது வளைகாப்புக்கு வந்த பணத்துல மிச்சம். புதுசு வாங்க வழியே இல்ல. ரிவ்யூ படிச்சுப் படிச்சு தலைவலிதான் வந்தது.

அப்பதான் வீட்டுக்காரரும் நானும் பண்டசோழநல்லூர்லேர்ந்து வண்டியில அவர் கடைக்குப் போனோம். இவர் போனதும் போகாததுமா, "எத்தன வாட்ஸ்ணா?"ன்னார்.

"வூட்டுக்கா, இல்ல கோயில்ல கூழ் ஊத்தறதுக்காப்பா?"

கடையில உக்காந்திருந்தவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. இவர் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

நான் என் பிரச்சினைய சொன்னேன். பட்ஜெட்டையும் சொன்னேன், கூச்சமாத்தான் இருந்தது.

"வரும்மா. ரிமோட்டு, கலர் லைட்டுலாம் வராது. பரவால்லியா?"

பரவாயில்லன்னேன்.

கருப்பா, கனமா ஒரு ஆம்ப்ளிஃபயர தூக்கி வச்சார். பக்கத்துல ரெண்டு சின்ன ஸ்பீக்கர். பாட்டு போட்டுட்டு சொன்னார்: "நீ வால்யூம கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. நான் பின்னாடி போய் அழுவறேன். எப்ப கேக்கலியோ அங்க நிறுத்து."

எனக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பெரிய உருவம், முறுக்கு மீசை... பின்னாடி ரூமுக்குப் போய் கதவ சாத்திக்கிட்டு, "ங்கே... ங்கே..."ன்னு அழ ஆரம்பிச்சார்!

உள்ளேர்ந்து அவர் வீட்டம்மா குரல். "யோவ், இன்னா ஆச்சு உனக்கு? கடைல ஆளுங்க இருக்கறாங்க!"

"சும்மா இருடி, வியாபாரம் நடக்குது!"

சிரிச்ச சிரிப்புல எனக்கு கை தவறி வால்யூம் எகிறிடுச்சு. திரும்ப முதல்லேர்ந்து அழுதார் பாவம்.

வெளிய வந்து, சுவத்துக் கண்ணாடியில அவர் வீட்டம்மா ஒட்டி வச்சிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண எடுத்தார். வால்யூம் குமிழ்ல நான் நிறுத்தின இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒட்டினார்.

"இதத் தாண்டாத. இதுவரிக்கும் உன் பொண்ணு கத்தினா உனக்குக் கேக்கும்."

வாங்கிட்டு வந்தப்புறம் ஒரு கூத்து. பாப்பா மூச்சுல 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். ஓடினேன் டாக்டர்கிட்ட. நெஞ்சு க்ளியர்ங்கறார். வீட்டுக்கு வந்து பாட்டு போட்டா மறுபடியும் 'ம்ம்ம்'... சந்தேகம் வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஃபேன் ஓடுதா? நிறுத்திப் பாரும்மா."

நின்னுடுச்சு. ரெகுலேட்டரோட இரைச்சல் ஸ்பீக்கர்ல வந்திருக்கு!

"இன்னாம்மா, பொண்ணு ரிப்பேர் ஆயிடிச்சா?"ன்னு கேட்டுட்டு அவர் சிரிச்ச சிரிப்பு...

எங்க பக்கம் மைக் செட் கட்ட வந்தப்ப ரெகுலேட்டர மாத்திக் குடுத்தார். டீயில சக்கர கம்மின்னு குறையும் சொல்லிட்டுப் போனார்.

இவ்ளோ செஞ்சும் என் பழக்கம் போகல. பாதிப் பாட்டுல நிறுத்திட்டு, தொட்டில எட்டிப் பாத்துட்டு வருவேன். அதுக்குள்ள பாட்டே மறந்துடும்.

இன்னிக்கு வீட்டுக்காரர் வந்து விஷயம் சொன்னப்ப பாப்பா தூங்கிட்டு இருந்தா. என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு பாட்டு போட்டேன்.

நடுவுல எழுந்து போய் பாத்தேன்தான்... ஆனா நிறுத்தல. திரும்பி வந்து உக்காந்து, முடியற வரைக்கும் கேட்டேன்.

போயிட்டு வாங்கண்ணா.