தலைமாட்டு விளக்கும் கன்னையாவின் ஜெனரேட்டரும்

கிள்ளானில் கன்னையாவைத் தெரியாத கோயிலும் கிடையாது, சாவு வீடும் கிடையாது. இரண்டுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். காலமெல்லாம் மிஷின் பக்கத்திலேயே நின்றதில் காது பாதி போய்விட்டது. எதையும் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டும். "இது எண்ணெயக் குடிச்சா வெளிச்சம் வருது, மனுஷன் குடிச்சா வாந்திதான் வருது" என்று மிஷினைத் தட்டிக்கொடுப்பார்.

வெள்ளம் வந்த வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் வீரம்மா இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் முகுந்தன் மெல்பர்னில் இருந்தான். கரண்ட் இல்லாமல் குளிர்பெட்டி ஓடாது. அவன் வருவதற்குள் உடம்பு கெட்டுவிடும். மகள் சீதாலெட்சுமி போனில் அழுதாள். கன்னையா முழங்கால் தண்ணீரில் லோரியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

எப்போதும் மிஷினைத் தெருவில்தான் வைப்பார். அன்று தெருவெல்லாம் தண்ணீர், மேலே மழை. சமையலறைக்குப் பின்னால், கூரை போட்ட இடத்தில் வைத்தார். ஒயர் உள்ளே போக வேண்டியிருந்ததால் பின்கதவைச் சாத்த முடியவில்லை. புகை வெளியேற சன்னல்களைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு வேறு வீட்டுக்குப் போனார்.

காற்றில் தலைமாட்டு விளக்கு அணைந்து அணைந்து போனது. அந்த விளக்கு அணையக்கூடாது என்பது நம் சனத்துக்கு எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம். சீதா சன்னல்களையும் முன்கதவையும் சாத்திவிட்டாள்.

நாங்கள் முன்வாசலில் போட்ட கூடாரத்தில் இருந்தோம். மத்தியானம் பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். சீதா பெட்டிமேல் தலை சாய்த்துக் கிடந்தாள்.

"பிள்ள ரெண்டு நாளா கண்ண மூடல லா. அழுது களைச்சுப் போச்சு, எழுப்பாதீங்க."

யாருக்கும் எழுப்ப மனம் வரவில்லை. நாசமாய்ப் போக அந்த நல்ல மனம்.

மிஷினுக்கு எண்ணெய் ஊற்ற வந்த கன்னையாதான் மூடிய சன்னல்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். அவர் தூக்கியபோது சீதாவுக்கு மூச்சு இல்லை. விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

மிஷினைக் கூரைக்குள் வைத்தது தான்தான் என்று போலீசிடம் அவரே சொன்னார். அவர்கள் அந்த மிஷினை எடுத்துப்போனார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை. வீரம்மாவின் பெட்டிக்காக இன்னொரு மிஷினைக் கொண்டுவந்து, தெருக்கோடியில் பலகை அடுக்கி அதன்மேல் வைத்தார். தான் நனைந்துகொண்டு அதற்குக் குடை பிடித்து நின்றார். யார் கூப்பிட்டும் கூடாரத்துக்கு வரவில்லை.

மறுநாள் முகுந்தன் வந்தான். ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு நேராகக் கன்னையாவிடம் நடந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் பின்னாலேயே ஓடினோம். அடித்திருந்தால் நாங்கள் தடுத்திருப்போமா, தெரியாது. அவன் கையை ஓங்கவில்லை. அந்த இரைச்சலில் மெதுவாகத்தான் சொன்னான்.

"மிஷின நிறுத்தாதீங்க அங்கிள். தங்கச்சி பெட்டியும் வருது."

கன்னையாவுக்கு ஒரே தடவையில் கேட்டது.