தெருவுக்குப் பொதுவான டோலி

யுத்தம் நடந்த வருஷங்களில் திருத்தணியில், நெசவாளர் தெரு ஒன்றின் முனையிலிருந்த சின்னப் பிரசவ விடுதியில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். பயிற்சி முடித்து வந்த புதிது. என்னால் முடியாத கேஸ் என்றால் ரயிலேற்றி அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ரயில் ஒழுங்காகத்தான் வந்தது. தெருவிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் போவதுதான் பாடு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓட்டிய பஸ் பாதி நாள் கிளம்பாது. கட்டை வண்டி குலுக்கும். கயிற்றுக் கட்டிலில் தூக்கலாமென்றால் சந்துத் திருப்பத்தில் கட்டில் திரும்பாது.

அதனால் தெருவைக் கூட்டி ஒரு டோலி கட்டினோம். மூங்கில் ஒரு வீடு, கயிறு ஒரு வீடு, நூலுக்கே திண்டாட்டமான அந்த நாளில் தடித்த துணி ஒரு வீடு. குறுகலாக, நாலு பேர் தூக்கும்படி கட்டி, விடுதித் தாழ்வாரத்தில் மாட்டினேன். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு மட்டும்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்கலாம்.

அதன் பிறகு நான் அந்த டோலியில் கண்டவை: கால் உடைந்த கன்றுக்குட்டி, வேர்க்கடலை மூட்டை, காயப்போட்ட மிளகாய், ஆடிக் கிருத்திகைக்கு மலையேறிய பொங்கல் பானைகள், மத்தியானத் தூக்கத்திலிருந்த ஒரு மாமனார்.

அவரை எழுப்பினேன். "இது பிரசவத்துக்குன்னு வெச்சது இல்லீங்களா?"

"ஆங், தெரியுமே. இப்ப யாருக்கும் வலி வர்லியே. சும்மா தொங்கிகினுதானே கீது? பொதுதானே நர்ஸம்மா?"

அவர் எழுந்ததும், கால்பக்கத்துக் கயிறு நைந்திருப்பதைக் காட்டினேன். அவர் வீட்டில் கயிறு இருந்தது.

"நான் மட்டும் எதுக்கு மாத்தணும்? பொதுவாச்சே. நான் மாத்திட்டா மத்தவனெல்லாம் கையக் கட்டிக்கினு குந்திக்குவான்."

அதில் நியாயம் இருந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இதே நியாயம் இருந்தது. கயிறுதான் நைந்துகொண்டே போனது.

பூட்டுப் போட்டுப் பார்த்தேன். சாவியோடு நான் பள்ளிப்பட்டுப் பக்கம் போயிருந்த சமயம் இங்கே ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. பூட்டை உடைத்தார்கள். உடைத்தது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு வீட்டுக்கு ஒரு வாரம் பொறுப்பு என்று முறை வைத்தேன். முதல் வீடு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது. இரண்டாம் வீட்டில் தறியில் பாவு நூல் ஏற்றுகிற வேலை இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் இரண்டாம் வீட்டைக் கைகாட்டினார். அத்தோடு முறை முடிந்தது.

அப்புறம் ஒரு மழை நாளில், மலைக்குக் கும்பிட வந்திருந்த ஒரு வெளியூர்க்காரர் தெருவில் உறவினர் வீட்டில் இறந்துபோனார். பாடை கட்டப் பச்சை மூங்கில் கிடைக்கவில்லை. நான் ஊரில் இல்லை. டோலியில் வைத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது டோலி கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, புதுக் கயிறு போட்டு, அதன் ஆணியில் மாட்டியிருந்தது. இவ்வளவு அக்கறையாக அதை யாரும் திருப்பித் தந்ததே இல்லை.

அன்று முதல் அதை ஒருவரும் தொடவில்லை. மிளகாய் இல்லை, மூட்டை இல்லை, மாமனார் இல்லை. என் பூட்டும் முறையும் செய்யாததை ஒரு பிணம் செய்துவிட்டது. எப்போது பார்த்தாலும் டோலி இடத்தில் இருந்தது. ஆனால் பிணம் போனதில் உயிருள்ளவளை ஏற்ற யாரும் தயாராக இல்லை. சரி, புதிதாக ஒன்று கட்டலாம், மூங்கில் கொடுங்கள் என்றால், "ஒண்ணு கீதே நர்ஸம்மா, இன்னொண்ணு இன்னாத்துக்கு?" என்றார்கள். நான் திரும்பி வந்து வெந்நீர் போட்டேன். வேறென்ன செய்ய?

இப்படி இருக்கையில் ஒரு காலை, நடுத்தெரு தறிக்காரர் வீட்டு மருமகளுக்கு வலி. தலைப்பிரசவம். தொட்டுப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. அங்கேயே வைத்திருந்தால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது. மத்தியான ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் திருப்ப வழி உண்டு. டோலியைக் கொண்டுவரச் சொன்னேன்.

மாமியார் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். "அதிலயா? எம் மருமவளையா? அதுல போனவன் திரும்பி வந்தானா?"

"அவர் செத்த பிறகுதானேம்மா போனார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வேற இன்னான்னா பாரு."

வேறு என்ன என்று நான் பார்த்து முடித்தாயிற்று. பஸ் கிளம்பவில்லை. வண்டியில் ஏற்றினால் வழியிலேயே முடிந்துவிடும். புருஷன்காரன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு டோலியில் நானே ஏறிப் படுத்துக்கொண்டேன்.

"தூக்குங்க. தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்புங்க."

தூக்கினார்கள். தறிகள் நின்று, வாசல்தோறும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"இன்னாடி இது, நர்ஸம்மாவுக்குப் பல்லக்கா?"

"மாப்பிள்ள எங்கடி? பின்னால வராரா?"

முன்னால் தூக்கிய புருஷன்காரனைப் பார்த்து, பின்னாலிருந்த அவன் மைத்துனன், "பாவா, பள்ளம் பாத்துப் போ. நர்ஸம்மா கேசு ரொம்ப சீரியஸு" என்றான். நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வாசலில் இறங்கினேன். "பாருங்க. போனேன், வந்துட்டேன். உயிரோடதான் இருக்கேன்."

மாமியார் அசையவில்லை. "உனக்கு இன்னாம்மா, நீ வேதக்காரி. உனக்கு ஒட்டாது."

என் ஞானஸ்நானம் இப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வந்துவிட்டாள். உதடெல்லாம் கடித்த ரத்தம்.

"நவுரு அத்தே. இங்கயே கெடந்து செத்தா எப்படியும் நாலு பேர் தூக்கத்தானே போறீங்க? இப்பவே தூக்குங்க."

மாமியார் நகர்ந்தாள்.

ரயிலைப் பிடித்தோம். பிள்ளை பிழைத்தது. பெண் குழந்தை. தாய்க்குக் காய்ச்சல் கண்டு, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஊர் திரும்பினாள். ஸ்டேஷனிலிருந்து அதே டோலியில்தான் பிள்ளையோடு கொண்டுவந்தார்கள். இந்த முறை மாமியாரே கற்பூரம் கொளுத்திச் சுற்றி இறக்கினாள். தெருவே வந்து பார்த்தது. டோலியின் தோஷம் போயிற்று என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது, ஒளிப்பானேன்.

அடுத்த நாள் காலையில் தாழ்வாரத்தில் ஆணி மட்டும்தான் இருந்தது.

தேடிக்கொண்டு போனேன். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நடுத்தெரு தறிக்காரர் வீட்டு வாசலில், நல்ல வெயிலில், டோலி நிறையச் சிவப்பு மிளகாய். பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வா நர்ஸம்மா. சாயங்காலம் எடுத்துடறேன். பொதுதானே?"

மிளகாயை அவளுடைய முறத்தில் கொட்டினேன். டோலியைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதிக்கு வந்து உதறினேன். நெடி ஏறித் தும்மல் வந்தது. மூன்று தரம் அலசியும் துணியில் காரம் போகவில்லை. அடுத்து இதில் ஏறுகிறவள் வலியோடு தும்மவும் வேண்டியிருக்கும்.