மீட்பு வேனில் ஓர் இடம்

மேட்டூர் அணையில் உபரிநீர் திறந்திருக்கிறார்கள். பள்ளிபாளையம் பாலத்தில் பேருந்து நின்றுவிட, இறங்கி ஆற்றோரத் தெருவில் நடக்கிறேன். வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஒலிபெருக்கி அலறுகிறது.

முகாமுக்கு ஆளேற்றும் வேனோடு கிராம நிர்வாக அலுவலர் நிற்கிறார். எதிரே விசைத்தறி ஓட்டும் பெண்மணி ஒருவர், கழற்றிய தறி மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடமிருக்கு. ஏறுங்கம்மா."

"முகாம்ல மூணு நாளு சோறு போடுவீங்க, சரிங்க. மோட்டார் நனைஞ்சா அப்பறம் சோத்துக்கு எங்கீங்க போறது? போன வெள்ளத்துல உங்க பேச்சக் கேட்டு வெறுங்கையோட வந்தனுங்க. மாசக்கணக்குல தறி ஓடல."

"தண்ணி படியேறுதும்மா!"

"அப்ப இத ஏத்துங்க. எனக்குக் காலு இருக்குதுங்க."

அலுவலரும் நானும் மோட்டாரைத் தூக்கி இருக்கையில் வைக்கிறோம். அந்த அம்மா வேனுக்கு முன்னால் நடக்கிறார்.