தருமராசா வீட்டுக் கதிரை

செவன் ஹில்ஸில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் நாகபூசணிக்குத் தமிழ் மண்டபத்தில் 'வாய்க்காரி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடமாகியும் தற்காலிக விசாதான், வாக்குரிமை கிடையாது. ஆனால் மண்டபத்துப் பட்டிமன்றத்தில் பதினொரு முறை பேசி ஒன்பது முறை வென்றவள். அவளுக்கிருந்த ஒரே ஆசை நடுவர் கதிரையில் உட்காருவது. கேட்கும்போதெல்லாம் கமிட்டி ஒரே பதிலைச் சொல்லும்: "அது தருமராசா வீட்டுக் கதிரை, பிள்ளை."

தருமராசா அருமையான நடுவர். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவர் காலமானதும், புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று மகன் விஜிதரனைப் பிடித்து இருத்தினார்கள். அவன் புலியுமில்லை, பூனையுமில்லை. நல்ல பல் வைத்தியன். மேடையேறினால் வியர்த்துக் கொட்டும். வீட்டிலேயே எழுதி வந்த தீர்ப்பை வாசித்துவிட்டு மணியை அடிப்பான்.

இந்த நாட்டுக்கு இன்னும் கடலுக்கு அப்பால் ஒரு அரசர் உண்டு. இந்த வருடம் அவர் பிறந்தநாள் விடுமுறைக்கு வைத்த தலைப்பு: நாட்டுக்குப் பரம்பரை அரசரா, நியமிக்கப்பட்ட தலைவரா? வைத்தவர்களுக்கு ஒரு உள்நோக்கமும் இல்லை. நாகபூசணிக்குத்தான் பீன்ஸ் நிறுக்கும்போது, இது நடுவர் கதிரைக்கும் பொருந்துமே என்று பளிச்சென்று பட்டது. அன்று அவள் நிறுத்த பெட்டிகளில் பாதிக்கு எடை பிழைத்துப்போனது.

அரசர் பக்கம் பேசியவர் கமிட்டித் தலைவர் அரியரத்தினம். "அரசர் ஒருத்தரிட்டையும் வாக்குக் கேக்கேல்லை, அதாலை ஒரு கட்சிக்கும் கடமைப்படேல்லை. நியமிச்சா கட்சிக்காரன்தான் வருவான். அதோடை இந்த லீவும் போயிடும்." லீவுக்குத்தான் கைதட்டல் பலமாக விழுந்தது.

நாகபூசணி எழுந்தாள். "லீவை வேற பேரிலை எடுப்பம். பிழையான ஆளை நியமிச்சா அஞ்சு வருசத்திலை மாத்தலாம். பிறந்து வந்தவரை எப்பிடி மாத்திறது? எங்கட வேலையிலை சூப்பர்வைசரின்ர மகன் சூப்பர்வைசரா வாறேல்லை. வெண்டிக்காய்க்கு இருக்கிற முறை நாட்டுக்கு வேண்டாமோ?"

சபை சிரித்தது. அடுத்து நடுவரைக் காட்டிக் குத்துவதற்கு ஒரு வசனம் வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மணியைப் பிடித்திருந்த விஜிதரனின் கை ஈரமாக இருந்தது. பாவமாகிவிட்டது அவளுக்கு. வைத்திருந்த வசனத்தை விட்டுவிட்டாள்.

"பரம்பரை ஆட்சி சனத்துக்கு அநியாயம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். நான் சொல்லுறன், முதல் அநியாயம் அந்தப் பிள்ளைக்கு. தொட்டிலிலையே வேலை எழுதியாச்சு. உனக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

விஜிதரன் எழுதி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"என்னட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை," என்றான். "நியமிக்கப்பட்ட தலைவர்தான் வேணும், அதுதான் தீர்ப்பு. இந்தக் கதிரைக்கும் அதுதான். இரண்டு வருசத்துக்கு ஓராளைக் கமிட்டி நியமிக்கட்டும். நான் நாகபூசணி அக்காவை முன்மொழியிறன்."

முதலில் உயர்ந்தது தோற்றுப்போன அரியரத்தினத்தின் கை. பிறகு கமிட்டியின் மற்ற ஒன்பது கைகளும் உயர்ந்தன. வாக்கில்லாத நாட்டில், நாலு பேர் பார்க்கக் கை உயர்த்தித் தன்னைத் தெரிவு செய்தார்கள் என்பதில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விஜிதரன் எழும்பி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு மணியைக் கொடுத்தான்.

நாகபூசணி கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து மணியை ஒருதரம் அடித்தாள்.

"இண்டைய திகதியை எழுதி வையுங்கோ," என்றாள். "இரண்டு வருசம் முடிய நான் எழும்பாட்டி, எழுப்பிப் போடுங்கோ."