அரண்மனைக்கு ஒன்று நாற்பத்தேழுக்கு

மொன்றியலில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்கு நான் ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. அழைப்பிதழில் ஆறு மணி என்றிருந்தால் எட்டுக்குத்தான் காரை எடுப்பேன். ஒருமுறை புத்திகெட்டு ஆறுக்கே போய், மண்டபத்தில் சனம் உட்காரும் கதிரைகளை அடுக்க வேண்டி வந்தது. தாலி கட்டும் நேரத்தையே நிமிடத்தோடு அச்சடித்துவிட்டு ஆறுதலாக வந்துசேரும் சனம் நாங்கள். இந்த ஞானத்தை வியன்னா வரைக்கும் கொண்டுபோனேன்.

அங்குள்ள பழைய பேரரசர்களின் அரண்மனையைப் பார்ப்பது என் மனைவியின் ஆசை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பிரெஞ்சு படித்தவள். நூலகத்தில் எடுத்த அந்த அரண்மனைப் படப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் தவணையை நீட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மூனிச்சில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போனபோது, ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் வியன்னாவுக்கும் போனோம்.

நுழைவுச் சீட்டில் 1.47 என்று நேரம் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அரச குடும்பம் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம், எங்களுக்காக யார் அங்கே காத்திருக்கிறார்கள்? தோட்டத்து மரநிழலில் சாய்ந்து, தங்கை கட்டித்தந்த ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

"இஞ்சருங்கோ, ஒண்டு நாப்பத்தேழு எண்டு போட்டிருக்கு."

"அது சும்மா போடுறது. இப்ப போனால் கூட்டமாத்தான் இருக்கும். பொறுமப்பா."

இரண்டரைக்கு எழுந்து போனோம். வாசல் யந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. அங்கே நின்ற பெண் மணிக்கூட்டைக் காட்டினாள். நான் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் குழைந்தேன், ஒன்றும் எடுபடவில்லை. மிச்சமிருந்த சீட்டெல்லாம் ஐந்து மணிக்குப் பிறகு. எங்கள் பஸ் நான்கு மணிக்கு. மனைவி வெளியே நின்று யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வீடு திரும்பிய கிழமை, அவளோடு தைக்கும் தோழி ஒருவர் வந்தார். அரண்மனை எப்படி என்று கேட்டார். நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தேன். மனைவியோ கண்ணாடி மண்டபத்தில் தொடங்கினாள். தங்கப் பூச்சு, நீலச் சீன அறை, மகாராணியின் கட்டில், எந்தக் கதவால் போனால் எந்த அறை வரும் என்பதுவரை சொன்னாள். ஒரு பிசகும் இல்லை. புத்தகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து, நன்றியில் உருகிப்போனேன்.

"அண்ணைக்கும் பிடிச்சதோ?" என்று தோழி என் பக்கம் திரும்பினார்.

"இவர் உள்ளுக்கை வரேல்லை," என்றாள் மனைவி. "நான் தனியத்தான் பாத்தனான்."

ஓம் என்று தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. போகாத அரண்மனைக்குள்கூட அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.