பத்துக்கு நாலு

சரண்யாவுக்குப் பகலில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. கட்டம் கட்டமான திரையில் புள்ளி புள்ளியாக மயில் வரைய வேண்டும். ஒரு புள்ளி தவறினால் பார்டர் நெடுக அத்தனை மயிலுக்கும் மூக்கு கோணிவிடும். அந்த வேலை அவளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது. எதைப் பார்த்தாலும் கோணல்தான் முதலில் கண்ணில் படும்.

வேலை முடிந்ததும் மொபைலில் கேம் ஆடுவாள். ஆடிவிட்டுச் சும்மா இருக்கமாட்டாள். முகம் காட்டாமல், குரலை மட்டும் வைத்து யூடியூபில் விமர்சனம் போடுவாள். சேனலின் பெயர் ‘கோணல் கண்’. கால் மணி நேரம் பேசுவாள். முடிவில் மூன்று வரிச் சுருக்கம், பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க்.

பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நேரே கடைசி நிமிடத்துக்குத் தாவிவிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கோபமில்லை.

“செய்யார்ல ஷிப்டு முடிச்சிட்டு கம்பெனி பஸ்ல தூங்கி வழிஞ்சிகினு வர்றவன்கிட்ட கால் மணி நேரம் கதை சொன்னா அடிக்க வரமாட்டானா? டவுன்லோடு பண்லாமா, வேணாமா? அவனுக்கு அது தெரிஞ்சா போதும்” என்பாள்.

இப்படி இருக்கும்போது கண்ணமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் தமிழ்செல்வன். வேலூரில் கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் வேலை. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அப்பா துரைக்கண்ணு வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

“எந்த ரெண்டுப்பா பொருந்தல?” என்றாள் சரண்யா.

“எட்டு வந்துகீதேன்னு சந்தோஷப்படாம, வராத ரெண்ட கேக்கறா பாரு!”

சரண்யாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. போட்டோவில் சிரிப்பு கோணலாக இல்லை. கேம் செய்கிறவனைக் கட்டிக்கொண்டால் கேம் ஆடுவதற்குத் திட்டு விழாது. எப்படியாவது இது கூடிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், அம்மா சுபத்ரா வாட்ஸ்அப்பில் வந்த பயோடேட்டாவை வாய்விட்டுப் படித்தார்.

“கம்பெனிக்காக அவரே தனியா ஒரு கேம் செஞ்சிகீறாராம். ‘வடம் பிடி’ன்னு பேராம்.”

சரண்யா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். போன மாதம்தான் ‘வடம் பிடி’க்குப் பத்துக்கு நாலு போட்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட சுபத்ரா, “நீதான்னு அவங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“மொகம் தெரியாது. கொரல் தெரியும்.”

“அப்ப வாயத் தொறக்காத.”

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றது. பையனின் அத்தை ரங்கம்மாள் முதலில் இறங்கினார். சரண்யா காபித் தட்டோடு வந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். தலையாட்டி முடியாத கேள்விக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு “ம்”. ரங்கம்மாள் உருகிப்போனார்.

“இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான பொண்ணா!”

“எப்பவுமே அப்படித்தாங்க” என்றார் சுபத்ரா, கேசரியைப் பார்த்துக்கொண்டே.

இருவரும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டு தமிழ்செல்வன்தான் பேசினான்.

“கேம் ஆடுவீங்களாங்க?”

“ம்.”

“நான் ஒண்ணு செஞ்சிருக்கேங்க. கோயில் தேர வீதி வீதியா இழுத்துகினு போவணும். எவளோ ஒருத்தி யூடியூப்ல உக்காந்துகினு பத்துக்கு நாலுன்னுட்டா. எங்க முதலாளி அந்த நால பிரிண்டு எடுத்து தண்ணி கேன் மேல ஒட்டிகீறாரு. தண்ணி குடிக்கப் போனாலே பேஜாரா கீது.”

“ம்.”

“ஒரு நம்பர வெச்சிகினு இன்னாங்க தெரியும்? இந்த மார்க்கு போடறவங்க ஆடியே பாக்கறதில்ல.”

அதுவரை தாங்கியவளால் இதைத் தாங்க முடியவில்லை.

“ஆடாமலா? முட்டுக்கட்ட போட்டு தேர திருப்பற எடத்த மட்டும் எவ்ளோ நேரம் புகழ்ந்திருக்கேன்! கட்ட ஒரு விரல் தள்ளிப் போனா தேரு டீக்கட கூரைய இடிக்குதே, அதுக்காகவே திரும்பத் திரும்ப ஆடினேன். ஆனா மூலைக்கு மூலை நகைக்கட விளம்பரம் வந்தா எவன் வடம் பிடிப்பான்? கடைசி வீதியில கேமே நின்னுபூடுது. நிலைக்கு வராத தேருக்கு எத்தினி போடறது?”

தமிழ்செல்வன் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“கோணல் கண்ணா நீங்க?”

“நீங்க அந்த வீடியோவ முழுசா பாத்தீங்களா?”

“கடைசி நிமிஷம் பாத்தேங்க.”

“ஒரு நம்பர்ல இன்னா தெரியும்னு இப்பதான கேட்டீங்க? எட்டுப் பொருத்தம்னதும் வேன் ஏறி வந்துட்டீங்க. மீதி ரெண்டு இன்னான்னு கேட்டீங்களா?”

“கேக்கலீங்க.”

“நான் கேட்டேன். எங்கப்பா சொல்லல.”

முதலில் சிரித்தது அவன்தான். சிரித்து முடித்துவிட்டு, “விளம்பரம்லாம் முதலாளி வெச்சதுங்க” என்றான்.

“கடைசி வீதி?”

கொஞ்சம் யோசித்தான். “அது நான்தாங்க.”

கீழே வந்ததும் ரங்கம்மாள் பிடித்துக்கொண்டார். “ஜல்தியா சொல்லுங்க, வேன்காரன் காத்துகினு கீறான். செல்வா, பொண்ண புடிச்சிருக்கா?”

“ஒரு வார்த்தையில சொல்ற விஷயமா அத்த அது? மொதல்ல பாக்கறப்ப ஒரு மாதிரி இருந்துச்சி. அப்புறம் பேச ஆரமிச்சதும்…”

“டேய், கதாகாலட்சேபம் வேணாம். ஆமாவா, இல்லியா?”

“ஆமா.”

“நீ சொல்லும்மா.”

இன்னொரு “ம்”முக்காக எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்கள்.

“எனக்கும் சம்மதங்க. தப்பு தன்னுதுன்னா ஒத்துக்கறாரு, அது புடிச்சிருக்கு. ஆனா நான் கேம் ஆடறத நிறுத்தமாட்டேன். அவரு செஞ்சதா இருந்தாலும் உள்ளதத்தான் சொல்லுவேன்” என்று சரண்யா யூடியூப் குரலில் சொன்னாள். தெருவில் வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இவ்ளோ நேரம் இந்த வாய எங்கம்மா வெச்சிருந்த?” என்றார் ரங்கம்மாள். சுபத்ரா அவசரமாக அவர் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தார்.

திரும்பிப் போகும் வழியில் தமிழ்செல்வன் அந்த வீடியோவை முதல்முறையாக முழுதும் ஓடவிட்டான். வேன் மொத்தமும் கேட்டது.

“தேர இந்தப் புகழ் புகழ்ந்துகினு வருது பொண்ணு. அப்புறம் ஏண்டா நாலு?” என்றார் ரங்கம்மாள்.

“தேரு நிலைக்கு வரலியே அத்த.”

“அப்ப சரியாத்தான் போட்டுகீது.”

கல்யாணத்துக்கு முன்பே அவன் கடைசி வீதியைச் சரிசெய்தான். முதலாளியிடம் மல்லுக்கு நின்று விளம்பரத்தையும் குறைத்தான். சரண்யா மறுபடி ஆடிப் பார்த்து ஏழு கொடுத்தாள். வருங்கால மாப்பிள்ளைக்கு எட்டாகப் போட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று அம்மா கேட்டுப் பார்த்தார். அவள் மசியவில்லை.

ஆனால் அந்த ஏழு மார்க்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம் ரங்கம்மாள் முந்திக்கொண்டு கதையைச் சொல்லி முடித்திருந்தார். அவ்வளவு நீளக் கதையில் சொந்தக்காரர்களின் மனதில் நின்றது ஒன்றே ஒன்று. கல்யாணமாகி ஒரு வருடம் ஓடிவிட்டது. கண்ணமங்கலத்தில் அவன் பஸ்ஸைவிட்டு இறங்கினால் இப்போதும் பிள்ளைகள் கத்துகிறார்கள்:

“நாலு மார்க்கு மாமா வந்துட்டாருடோய்!”

“ஏழுடா, ஏழு!” என்று தமிழ்செல்வன் திருத்துகிறான். அதற்குள் அவர்கள் அடுத்த தெருவில் சொல்லிவிடுகிறார்கள்.