பாஸ்கர் என்ஜின் மாற்றிவிட்டான்

வீடியோ கேம் செய்யும் மென்பொருளுக்கும் என்ஜின் என்றுதான் பெயர். அறுபது வயதில் அதை நானே கற்றுக்கொண்டேன். "இந்த என்ஜின்தான் நம்பர் ஒன்" என்று இழுத்துவிட்டவன் நண்பன் பாஸ்கர். சேர்ந்து செய்யும் எங்கள் கேம் இன்னும் பாதியில் நிற்கிறது.

இன்று நான் மந்தைவெளிக்கு ஆட்டோவில் போகும்போது போன் செய்தான்.

"அந்த என்ஜினை எல்லாரும் விட்டுட்டாங்கப்பா. நானும் போன மாசமே இலவச என்ஜினுக்கு மாறிட்டேன். நீயும் வந்துடு."

"நாலு வருஷ வேலைடா! மறுபடி முதல்லேர்ந்தா? நான் என்ஜினை மாத்த மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பினார். "இன்னா சார், என்ஜின் மாத்தணுமா? தேனாம்பேட்டைல நம்மாளு ஒருத்தன் கீறான்."

"என்ஜின் நல்லாத்தான் ஓடுது. கூட வந்தவன்தான் சொல்லாம எறங்கிட்டான்."

"அப்ப ஆளை மாத்து சார்."

பழைய என்ஜினிலேயே இருப்பவர்கள் கமெண்டில் வாருங்கள். பாஸ்கர் லைக் போட வேண்டாம்.